கப்பல் காய்ச்சல் வந்த ஆடி

பழனியாண்டிக்குச் சட்டம் என்றால் சட்டம்தான். பூண்டுலோயாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், கீழ்க்கணக்கு லயத்து வரிசை வீடுகளில், அவனை மாதிரி இன்னொரு பிடிவாதக்காரனைப் பார்க்க முடியாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போனால் கங்காணி சொன்ன உயரத்துக்கு மேல் ஒரு குச்சி நிற்காது. மலையிலிருந்து விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசை என்றால் வரிசை. நடுவில் குடத்தை நுழைத்தவர் கிழவியானாலும் குமரியானாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வீடு போய்ச் சேருவார்.

"கோர்ட்டு வந்திருச்சு, எல்லாரும் எந்திரிங்கப்பா!" பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாயாண்டி, அவன் தலையைக் கண்டதும் இப்படித்தான் கத்துவான். லயமே சிரிக்கும். பழனியாண்டி மட்டும் சிரிக்கமாட்டான். கொஞ்சம் சிரித்தால்தான் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் அவன் சுபாவம் அப்படி. பிறவிக் குணத்தை யார் போய் மாற்றுவது?

அப்பேர்ப்பட்ட மனுசனைக் காலில் போட்டு மிதித்தவள் ஒருத்தி இருந்தாள். பூரணி. அவனுடைய மகள். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இது ஒன்றுதான் பிழைத்து, தவழ்ந்து, நடந்து, தாய்மார் வேலைக்குப் போகையில் விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் போகிற வயசுக்கு வந்திருந்தது. மலையிலிருந்து அவன் இறங்கி வந்து வாசல் கல்லில் உட்கார்ந்தால், உள்ளேயிருந்து உப்புச் சிரட்டையோடு ஓடி வருவாள். காலில் ஒட்டியிருக்கிற அட்டைக்கு உப்பு வைப்பது அவள் வேலை. "ஆடாத! டாக்டரு வந்திருக்கேன்ல" என்று அப்பனை அதட்டுவாள். அவன் ஆடமாட்டான். தோட்டத்துத் துரை வந்து நின்றால்கூட அந்த நேரத்தில் எழுந்திருப்பானோ என்னவோ.

ஐம்பத்தேழாம் வருசம் மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. உலகம் பூராவும் பரவுகிறது, கொழும்பில் கப்பலோடு வந்து இறங்கிவிட்டது என்று டவுனில் ரேடியோ கேட்டவர்கள் சொன்னார்கள். ஆகவே எங்கள் பக்கத்தில் அதற்குக் கப்பல் காய்ச்சல் என்று பெயர். ஒரு நாள் காலையில், விடிந்தும் விடியாத அந்தக் குளிரில், எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றபோது, தோட்டத்து டாக்டர் ஐயா ஒரு முக்காலியின் மேல் ஏறினார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். இருமுகிறபோது துணியால் வாயைப் பொத்த வேண்டும். காய்ச்சல்காரர் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடக்கூடாது. ஆடித் திருவிழா கிடையாது. எழவு விழுந்தாலும் அந்த வீட்டு ஆட்களோடு சரி, கூட்டம் கூடக்கூடாது.

"ஏங்கய்யா, நம்மளுக்குத்தான் பிரஜாவுரிமை இல்லன்னுட்டாங்க. இந்தக் காய்ச்சலுக்கு மட்டும் யாருங்க எழுதிக் குடுத்தா, அது பாட்டுக்கு வந்து எறங்கிருச்சு?" என்றான் மாயாண்டி. களமே கொல்லென்று சிரித்தது. டாக்டர் ஐயாவுக்கும் உதட்டோரம் துடித்தது.

பழனியாண்டி கையைத் தூக்கினான். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. பெரட்டுல இப்படி ஒருத்தர் மேல ஒருத்தர் ஒரசிக்கிட்டு நிக்கிறோமே. இது கூட்டம் இல்லீங்களா?"

டாக்டர் ஐயா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "பெரட்டுன்னா வேலை. கோயில்னாத்தான் கூட்டம். வெளங்குச்சா? போ, போயி கத்தியத் தீட்டு."

விளங்கியதோ இல்லையோ, பழனியாண்டி தலையை ஆட்டினான். பெரியவர்கள் செய்கிற தப்புக்கு நாம் என்ன பண்ண முடியும், நம் கையில் இருக்கிறதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று அவனுக்கு ஒரு எண்ணம். அன்றைக்கே வீட்டில் தண்ணீர் கொதித்தது. விறகு நனைந்து கிடந்தது. புகையில் அவன் பெண்சாதி நாகலெட்சுமி கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊதினாள். பூரணியின் கழுத்தில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிட்டான். யாராவது இருமினால் அதை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தான். அந்தக் குட்டி, இருமுகிறவனைக் கண்டால் ஓடிப் போய் அவன் வாயைப் பொத்தும். என்னத்தைச் சொல்ல!

ஆனால் அவன் ஒருத்தன் ஒழுங்காக இருந்து என்ன பிரயோசனம்? லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மாயாண்டி அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் படுத்திருக்கிறவன் முகத்தில் விழும். அது பழனியாண்டிக்குத் தெரியாமலா? தெரியும். ஊரே சட்டத்தைக் கேட்டு நடந்தால்தான் தன் பிள்ளை பிழைக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தில்தான் லயம் லயமாகப் போய்ச் சண்டை போட்டான்.

போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. ஆடி வெள்ளியில் கொட்டு மேளம் இல்லாமல் தேயிலைக்குள் பூந்து அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போனவர்களை வழி மறித்தான். "அம்மா கோவிச்சுக்கிட்டதாலதான் காய்ச்சலே வந்திருக்கு. நீ அவளக் கும்பிட வேணாங்கிற. ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அவனைத் தள்ளிவிட்டுப் போனார்கள். இருமிக்கொண்டே கொழுந்தெடுக்கப் போன ஆள்களை வீட்டுக்குப் போகச் சொன்னான். அவர்கள் பாட்டுக்கு மலையேறினார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு காலையில் பீலியடியில் அவன் பார்த்ததுதான் பெரிய கூத்து. பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிப் போகிற வழியில் தாய்மார்கள் நின்று, பிள்ளைகளின் நெற்றியையும் கழுத்தையும் பீலித் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டி மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீர். முதலில் அவனுக்குப் புரியவில்லை. காம்பரா ஆயா வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறாள் என்பது ஞாபகம் வந்தபிறகுதான் சங்கதி பிடிபட்டது. கொதிக்கிற நெற்றியைக் குளிர வைத்துக் கொண்டுபோகிறார்கள்!

மாயாண்டியின் பெண்சாதி ராக்காயி, மடியில் மகனை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினான்.

"ஏ ராக்காயி! நீயெல்லாம் ஒரு தாயா? காய்ச்சல்காரப் புள்ளைய மத்த புள்ளைங்களோட கொண்டுபோய் போடப் போறியா?"

ராக்காயி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "வீட்டுல வச்சுக்கிட்டு இருந்தா எனக்குப் பேரு போடுவாங்களாண்ணே? நீங்க வந்து போடுவீங்களா? பேரு இல்லன்னா அரிசி இல்ல. நீங்க சட்டம் பேசுங்க. எம்புள்ள கஞ்சி குடிக்கணும்."

வேலைக்கு வந்த நாளுக்குத்தான் பேர். பேர் விழாவிட்டால் அந்த நாளே இல்லை. பழனியாண்டி மலைக்கு நடந்தான். அவள் மேல் கோபப்பட்டால் பாவம், கோபப்படாவிட்டால் தன் பிள்ளைக்கு ஆபத்து. அன்றைக்கு முழுக்க அவன் கத்தி தேயிலையில் ஒழுங்காக விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஏ புள்ள, நாளையிலேருந்து நீ மலைக்குப் போக வேணாம். பூரணிய வச்சுக்கிட்டு வீட்டுல இரு. எம் பேருல ஓட்டிக்கலாம்" என்றான். நாகலெட்சுமி சரியென்றாள். அவளுக்கும் அதே பயம்தான்.

கணக்கப்பிள்ளை விடுவாரா? மறுநாளே வாசலில் வந்து நின்றார்.

"ஏன் வேலைக்கு வரல? ஒனக்குக் காய்ச்சலா?"

"இல்லீங்கய்யா."

"புள்ளைக்கு?"

"இல்லீங்க. வந்துறக் கூடாதுன்னுதாங்க…"

"காய்ச்சல் வந்தவதான் வீட்டுல இருக்கணும்னு சட்டம். வராதவ வேலைக்கு வரணும். அதுவும் சட்டந்தான். ஒம் புருசன் பெரிய சட்டக்காரனாச்சே, சொல்லித் தரலையா? கொழுந்து முத்திக்கிட்டுக் கெடக்கு. நாளைக்குப் பெரட்டுல நீ நிக்கலன்னா இந்தக் காம்பராவுக்கு வேற ஆளு வந்துரும், பாத்துக்க."

அடுத்த நாள் காலையில் நாகலெட்சுமி பூரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். கழுத்தில் கட்டிய துணி இருந்தது. பழனியாண்டி மேட்டில் நின்று பார்த்தான். ஆயா பூரணியின் நெற்றியைத் தொட்டுவிட்டு உள்ளே விட்டாள். அங்கே ராக்காயியின் மகன் ஏற்கெனவே சுருண்டு கிடந்தான்.

இந்தச் சமயத்தில்தான் மேற்கணக்கிலிருந்து எழவுச் செய்தி வந்தது. பழனியாண்டியின் தங்கச்சி வேலாயியின் புருசன் சின்னராசா போய்விட்டான். காய்ச்சலேதான். நேற்றுவரைக்கும் கல்லு மாதிரி இருந்தவன்.

கட்டிக் கொடுத்த தங்கச்சியின் புருசன் செத்தால் அண்ணன்காரன் பிறந்த வீட்டுக் கோடியோடு போக வேண்டும். வாசலில் நின்று அவளைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும். கோடிச் சேலையை அவள் தோளில் போட வேண்டும். அவன் போடாமல் பிணம் வாசலைத் தாண்டாது. ஊரிலிருந்து கப்பலேறி வரும்போதே கொண்டு வந்த முறை அது. மாயாண்டி, ராக்காயி, லயத்தில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் தலைத்துணியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இருமலோடு போனவர்களும் உண்டு. எழவு வீட்டுக்குப் போகாதவனை மனுசனில் யார் சேர்ப்பார்கள்?

பழனியாண்டியும் கோடியை எடுத்துக்கொண்டுதான் போனான். மழை தூறிக்கொண்டிருந்தது. தப்பு மேளச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. மேற்கணக்கு லயத்துக்குத் திரும்புகிற ரோட்டு முடக்கில் அவன் கால் நின்றுவிட்டது. வாசல் நிறைய ஜனம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுகிறார்கள், நடுநடுவே இருமுகிறார்கள். இதற்குள் போய்விட்டு வந்து பூரணியை எந்தக் கையால் தூக்குவது? ஊருக்கெல்லாம் சொன்னவன், தன் வீட்டு எழவு என்றதும் போய்க் கூட்டத்தில் நின்றால் நாளைக்கு எவன் மதிப்பான்?

ரோட்டோரக் கல்லின் மேல் கோடியை வைத்தான். தப்படிக்கிறவனைக் கையசைத்துக் கூப்பிட்டு, எடுத்துப் போய்க் கொடுக்கச் சொன்னான்.

வேலாயி பார்த்துவிட்டாள். அவிழ்ந்த தலையோடு வாசலைவிட்டு இறங்கி வந்தாள். "அண்ணே! அங்கேயே ஏண்ணே நிக்கிற? கிட்ட வாண்ணே!"

"வேலாயி, கோவிச்சுக்காத தாயி. வீட்டுல புள்ள இருக்கு."

"எனக்கும்தாண்ணே புருசன் இருந்தாரு."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்விட்டாள். யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரன் அந்தக் கோடியை அவள் தோளில் போட்டான். பழனியாண்டி முடக்கிலேயே நின்று அழுதான். அழுததை யாரும் பார்க்கவில்லை, அவன் வராததைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். 'கூடப் பொறந்தவ தாலி அறுக்கையில தூர நின்னு வேடிக்கை பாத்த பயல்' என்ற பேச்சு, அவன் லயம் வந்து சேருமுன் லயம் வந்து சேர்ந்துவிட்டது. மாயாண்டி அதற்கப்புறம் கோர்ட்டு என்று கேலி பண்ணவில்லை. பேசவே இல்லை.

இவ்வளவையும் வாங்கிக் கட்டிக்கொண்டானே, பிள்ளையாவது தப்பியதா? தப்பவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பூரணி பிள்ளைக் காம்பராவிலிருந்து காய்ச்சலோடு வந்தாள். உப்புச் சிரட்டையை எடுத்தவள், "கை வலிக்குதுப்பா" என்று அவன் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

டாக்டர் ஐயா மருந்துத் தண்ணீர் கொடுத்தார். சுக்கும் கொத்தமல்லியும் கொதித்தது. அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள் நாகலெட்சுமி. இந்தத் தடவை அவன் தடுக்கவில்லை. இப்போது வீட்டில் இருக்கச் சட்டம் இடம் கொடுத்தது. இருந்தார்கள். பிள்ளையின் நெஞ்சு கர் கர் என்று இழுத்தது. ராக்காயியின் மகன் தேறி எழுந்து வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பழனியாண்டி பிள்ளையை மடியில் வைத்திருந்தான். அந்தப் பையன் பிழைத்ததில் அவனுக்கு வயிற்றெரிச்சல் வந்தது. வந்ததை நினைத்து அவனுக்கே தன் மேல் அருவருப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில், பூரணி போய்ச் சேர்ந்தாள்.

நாகலெட்சுமி போட்ட அலறலில் லயம் முழுக்கக் கதவு திறந்தது. ஆனால் யாரும் வாசலைவிட்டு இறங்கவில்லை. ஆண்கள் துண்டாலும் பெண்கள் முந்தானையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவரவர் வாசலில் நின்றார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் உரசவில்லை. இத்தனை நாளாகத் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத ஜனம், அன்றைக்கு ஒரு சட்டம் விடாமல் கடைப்பிடித்தது.

பழனியாண்டி நடுவாசலில் வந்து நின்றான். "மாயாண்டி! என்னப்பா நிக்கிற? வா!"

மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "ராத்திரி அந்த இழுப்பக் கேக்கையிலயே தங்காதுன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. விடியமுன்னமே நானும் இன்னொருத்தனுமாப் போயி குழி வெட்டி வச்சுட்டு வந்துட்டோம். கூட வந்து நிக்கத்தான் முடியாது. எழவுக்குக் கூட்டம் கூடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்புடா. கால்ல விழுறேன். ஒரு ஆளாச்சும் வாங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. ராக்காயி முந்தானைக்குள் விம்மினாள். ஒரு அடி எடுத்து வைத்தவளை மாயாண்டி கையைப் பிடித்து நிறுத்தினான். மேற்கணக்குக்கு ஆள் அனுப்பியிருந்தான் பழனியாண்டி. ஆள் தனியாகத்தான் திரும்பி வந்தான். "ஒங்க தங்கச்சி வரலண்ணே. தானும் சட்டத்த மதிக்கிறதாச் சொல்லச் சொன்னாங்க" என்று தூர நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஐயா லயத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். விலகி விலகி நின்ற ஜனத்தையும் பொத்திய வாய்களையும் பார்த்து அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "இப்பத்தான் ஒங்களுக்கு எல்லாம் புத்தி வந்திருக்கு. இப்படியே இருங்க" என்றார். அப்புறம்தான் பழனியாண்டியைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அவர் மட்டும் என்ன செய்வார், பாவம்.

பிள்ளையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பழனியாண்டி மலையேறினான். மயானத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. நாகலெட்சுமி பின்னாலேயே நடந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான், தடுக்கவில்லை. குற்றம் சொல்வதற்கு அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களைத் தவிர?

குழி நேர்த்தியாகத்தான் வெட்டியிருந்தார்கள். மாயாண்டி கை வேலைக்காரன். பக்கத்தில் மண்ணைக் குவித்து, மம்பட்டியையும் விட்டுப் போயிருந்தான். குழிக்குள் ஒருத்தன் இறங்கி நின்று, மேலே நிற்கிறவன் கொடுக்க வாங்கிக் கிடத்த வேண்டும். பழனியாண்டி இறங்கினான். நாகலெட்சுமி முழங்கால் போட்டு உட்கார்ந்து பிள்ளையை இறக்கிக் கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவன்தான் மெதுவாகப் பிரித்துவிட்டான்.

மேலே ஏறி வந்து ஒரு பிடி மண் போட்டான். அவளும் ஒரு பிடி போட்டாள்.

ஊர் கூடி வந்திருந்தால், ஆளுக்கொரு பிடி போடுகிறபோதே பிள்ளை மறைந்துபோயிருக்கும். பெற்றவன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளலாம். மம்பட்டியைத் தொட வேண்டியதில்லை. அங்கே இரண்டு பிடி மண்தான் விழுந்தது. துணி அப்படியே வெள்ளையாகத் தெரிந்தது, அதற்குள் இருந்த சின்னத் தலையின் வடிவமும் தெரிந்தது.

நாகலெட்சுமி குனிந்து இன்னும் ஒரு பிடி அள்ளினாள். அதையும் போட்டாள். பிறகு இன்னொரு பிடி.

"போதும் புள்ள. நீ அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றான் பழனியாண்டி. அவள் திரும்பிக்கொண்டாள். அவன் மம்பட்டியை எடுத்து, கால் பக்கத்திலிருந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தான்.